பானட்டுக்கு அடியில் உதிரும் ஃபோம்: பழைய காரின் ஒலித்தடுப்பை மாற்றும் வேலை

என் கார் 1982ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 240டி. டபிள்யூ 123 என்று அழைக்கப்படும் வரிசை. ஒரு நாள் ஹீட்டர் விசிறியைப் போட்டதும் டாஷ்போர்டின் காற்றுத் துவாரத்திலிருந்து கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ பறந்து வந்து சட்டையில் ஒட்டியது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். தார் மாதிரி இழுபட்டது. விசிறி மோட்டார்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அரை நாள் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினேன். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. பிறகு பானட்டைத் திறந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே ஒட்டியிருந்த ஃபோம் பாதிக்கு மேல் காணோம். மிச்சமிருந்தது விரல் பட்டாலே உதிர்ந்தது. அந்தத் தூள் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று வாங்கும் ஜாலிக்குள் விழுந்து, அங்கிருந்து விசிறிக்கும், விசிறியிலிருந்து என் சட்டைக்கும் வந்திருக்கிறது.

பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் இது நேரும். அந்தக் காலத்து பாலியூரித்தேன் ஃபோம் சூட்டிலும் ஈரத்திலும் எண்ணெய் ஆவியிலும் பல வருடம் கிடந்தால் தன் பிணைப்பை இழந்து மாவாகிவிடும். யாரும் அதைக் கெடுக்க வேண்டியதில்லை, வயதே போதும். உதிர்ந்த தூள் எண்ணெய்க் கசிவோடு சேர்ந்து எஞ்சினின் சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் படிந்தால் அது வெறும் அசிங்கம் இல்லை, எரியக்கூடிய பொருள். அதனால் "சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லை, அப்படியே இருக்கட்டும்" என்று விடாதீர்கள். மாற்றுகிறீர்களோ இல்லையோ, பழையதை எடுத்தே ஆக வேண்டும்.

இந்த வேலையை நான் இரண்டு முறை செய்தேன். முதல் முறை தோற்றது. அது ஏன் தோற்றது என்பதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதை எதிர்பார்க்கலாம்

ஒலித்தடுப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வேறு வேறு வேலை செய்யும் பொருள்கள் இருக்கின்றன. ஃபோம் ஒலியை உறிஞ்சும். துளைகளுக்குள் நுழைந்த காற்றின் அதிர்வு உரசி உரசிச் சிறு வெப்பமாக மாறிவிடும். பியூட்டைல் ரப்பர் அல்லது தார் ஷீட் வேறு வகை. அது தகட்டோடு ஒட்டிக்கொண்டு தகடு அதிர்வதைக் குறைக்கும். கனமான வினைல் ஷீட் சுவர் மாதிரி நின்று ஒலியை மறிக்கும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. பானட்டுக்கு வேண்டியது பெரும்பாலும் முதல் வகைதான்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஃபோம் நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அதன் கனம் ஒலி அலைநீளத்தில் கால் பங்கை ஒட்டி இருந்தால் நல்லது. 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஓர் அங்குல ஃபோம் டீசலின் "கடகட" என்ற கூர்மையான தட்டலை நன்றாக விழுங்கும். ஆனால் நான்கு சிலிண்டர் எஞ்சின், கார் நிற்கையில், நிமிடத்துக்கு 750 சுற்றில் ஐட்லிங் ஓடும்போது நொடிக்கு 25 வெடிப்பு. அந்த அதிர்வின் அலைநீளம் 13 மீட்டருக்கு மேல். ஓர் அங்குல ஃபோமை அது கண்டுகொள்ளவே செய்யாது. எனவே வேலை முடிந்ததும் சத்தத்தின் கூர்மை போகும், அடியில் இருக்கும் "தும் தும்" அப்படியே இருக்கும். என் காரில் அப்படித்தான் ஆனது. பானட்டை மூடிவிட்டுப் பக்கத்தில் நின்றால் பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. அது எனக்குப் போதும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பானட் என்பது எஞ்சினைச் சுற்றியுள்ள பல பக்கங்களில் ஒன்றுதான். கீழ்ப்பக்கம் திறந்தே கிடக்கிறது. 1983இல் மெர்சிடிஸ் 190டி வந்தபோது அதன் டீசல் எஞ்சினை அடிப்பக்கம் உட்படச் சுற்றி மூடியே அமைதியாக்கினார்கள். பானட்டை மட்டும் மாற்றிவிட்டு அந்த அமைதியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பொருள் வாங்குமுன் களிமண்

கடைக்குப் போகுமுன் ஓர் அளவு எடுங்கள். குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண் இருக்கிறதல்லவா, அதைச் சிறு கூம்புகளாக உருட்டி ஏர் ஃபில்டர் மூடி, வால்வ் கவர், பேட்டரி முனை, ரேடியேட்டர் மேல்விளிம்பு போன்ற உயரமான இடங்களில் வையுங்கள். அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் காகிதம் போட்டால் ஒட்டாது. பானட்டை மெதுவாக முழுக்க மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் உயரம்தான் உங்களிடம் உள்ள இடைவெளி. பழைய ஃபோம் இன்னும் ஒட்டியிருக்கும் இடமானால் அதன் கனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் காரில் ஏர் ஃபில்டர் மூடிக்கு மேல் 30 மில்லிமீட்டர்தான் இருந்தது, மற்ற இடங்களில் தாராளம். எஞ்சின் அசையும், குறிப்பாக டீசல் எஞ்சினை நிறுத்தும் நொடியில் ஒரு குலுங்கு குலுங்கும். அதற்கு 12 முதல் 15 மில்லிமீட்டர் வெற்றிடம் விடுவது என் பழக்கம். ஆகவே அந்த இடத்தில் 15 மில்லிமீட்டர் ஃபோம், மற்ற இடத்தில் 25. உங்கள் காரின் அளவு வேறாக இருக்கும், என் அளவை அப்படியே எடுக்காதீர்கள்.

ஃபோம் வாங்கும்போது பார்க்க வேண்டியது தீ. தீ பிடித்தாலும் தானே அணையும் ரகமாக இருக்க வேண்டும். பொருளின் விவரத் தாளில் யூஎல் 94 எச்எஃப்-1 என்ற, ஃபோம் எரியும் விதத்தைச் சோதித்துத் தரும் தரம் குறிப்பிட்டிருந்தால் நம்பி வாங்கலாம். மோட்டார் வாகனங்களுக்கான எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்ற அமெரிக்க விதியையும் குறிப்பிடுவார்கள். அது பயணிகள் அறைப் பொருள்களுக்கானது, நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டர் வரை எரிவதை அது அனுமதிக்கிறது. எஞ்சினுக்கு மேல் வைக்க எனக்கு அது போதாது. எதை வாங்கினாலும் வெட்டிய துண்டு ஒன்றைத் திறந்த வெளியில் இடுக்கியால் பிடித்து லைட்டரைக் காட்டிப் பாருங்கள். லைட்டரை எடுத்ததும் அணைய வேண்டும். சொட்டுச் சொட்டாக எரிந்து விழுந்தால் அதை வீட்டுக்குள்ளேயே வைக்கக் கூடாது, காரில் எங்கே வைப்பது? மெத்தை ஃபோம், கம்பளம், தெர்மோகோல் எதுவும் இந்த இடத்துக்கு ஆகாது.

மெலமைன் ஃபோம் 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், எடையும் மிகக் குறைவு. ஆனால் கையாளும்போது எளிதில் கிழியும். பொறுமை இருந்தால் அதுவே நல்லது. நான் எடுத்தது தீ தாங்கும் பாலியூரித்தேன், மேலே மெல்லிய கறுப்புத் துணி உறை. உறை அவசியம். உறையில்லாத ஃபோம் எண்ணெய் ஆவியைக் குடித்துத் திரியாகிவிடும். பளபளக்கும் கனமான அலுமினிய உறை போட்டது சூட்டுக்கு நல்லது, ஆனால் ஒலியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். அதனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே மட்டும் அலுமினிய உறை, மற்ற இடமெல்லாம் துணி உறை என்று பிரித்துக்கொண்டேன்.

தார் ஷீட்டைப் பானட்டில் ஒட்டாதீர்கள். சூட்டில் இளகி எஞ்சின் மேல் சொட்டும். பியூட்டைல் ஷீட் சூட்டைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் எடை அதிகம். பானட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் ஓர் எடைக்குக் கணக்குப் பண்ணி வைத்தவை. கூடுதலாக மூன்று நான்கு கிலோ ஏற்றினால் பானட் நிற்காமல் தலையில் இறங்கும். தகட்டை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். தகர டப்பா மாதிரி அதிரும் இடம் இருந்தால் அங்கே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு போதும்.

உரிக்குமுன்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். டபிள்யூ 123 காரில் ஒரு வசதி உண்டு. கீலில் இருக்கும் சின்ன நெம்பைத் தள்ளினால் பானட் செங்குத்தாக, நேர் 90 டிகிரிக்கு எழுந்து நிற்கும். சுவரில் வேலை செய்வது போல வேலை செய்யலாம். 1976 முதல் ஏறக்குறைய பத்து வருடத்தில் கிட்டத்தட்ட 27 லட்சம் கார் செய்தார்கள் அந்த வரிசையில். இதை வடிவமைத்த ஆளுக்குப் பட்டறையில் நின்ற அனுபவம் இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறை பானட்டை நிறுத்தும்போதும் நினைப்பேன். மேலே கூரை இடிக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், பலத்த காற்றில் அப்படி நிறுத்தாதீர்கள். உங்கள் காரில் இந்த வசதி இல்லையென்றால் பானட்டை நன்றாக முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். கழற்றுவதானால் கீல் இருந்த இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பால் எல்லை போட்டுவிட்டு இரண்டு பேராகத் தூக்குங்கள். எல்லை போடாமல் கழற்றினால் திரும்பப் பூட்டும்போது இடைவெளி சரியாக அமைய ஒரு நாள் போகும்.

எஞ்சின் மேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடுங்கள். காற்று வாங்கும் ஜாலியை அட்டையும் டேப்பும் வைத்து முழுக்க அடையுங்கள். என் விஷயத்தில் தொல்லை தொடங்கியதே அங்கேதான், இதை மட்டும் மறக்க வேண்டாம். ஏர் ஃபில்டரின் வாயிலும் துணி அடையுங்கள், பிறகு எடுக்க நினைவிருக்கும்படி துணியின் வால் வெளியே தொங்கட்டும்.

உங்களுக்கு முகமூடி, கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை. அண்ணாந்து வேலை செய்யும்போது தூள் நேராகக் கண்ணில் விழும். முகமூடி என்95 அல்லது எஃப்எஃப்பி2 தரம், சாதாரணத் துணி போதாது. சில கார்களில் ஃபோமுக்குப் பதில் கண்ணாடி இழைப் பஞ்சு இருக்கும், தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபயர்வாலிலோ (எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) எக்ஸாஸ்ட் பக்கத்திலோ சாம்பல் நிறத்தில் அட்டை போலவோ நார் நாராகவோ ஒரு தகடு இருந்தால் கை வைக்காதீர்கள். பழைய கார்களின் வெப்பத் தடுப்புகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஜெர்மனியில் அதற்கு 1993இலும் பிரிட்டனில் 1999இலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005இலும்தான் தடை வந்தது. அதற்கு முந்தைய காரில் சந்தேகத்துக்கு இடமான தகட்டைச் சுரண்டவோ தேய்க்கவோ காற்றடிக்கவோ கூடாது. சோதனைக்கு அனுப்பித் தெரிந்துகொண்டு, தேவையானால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

உரிப்பதும் துடைப்பதும்

முதல் முறை நான் கவனம் செலுத்தியதெல்லாம் புது ஃபோம் மேல்தான். பழையதைக் கையால் பிய்த்தேன், கரண்டித் தகட்டால் ஒரு சுரண்டு சுரண்டினேன், மேலே ஸ்பிரே பசையை அடித்து ஒட்டிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மாதத்தில் ஒரு நீண்ட பயணம் முடிந்து பானட்டைத் திறந்தால் நடுப்பகுதி தொட்டில் மாதிரி தொங்கி ஏர் ஃபில்டர் மூடியில் உரசிக்கொண்டிருந்தது. புதுப் பசை விட்டுவிட்டது என்று நினைத்தேன். உரித்துப் பார்த்தால் புதுப் பசை ஃபோமோடு உறுதியாகத்தான் இருந்தது, அதன் மறுபக்கத்தில் பழைய பசையின் பழுப்புப் படலம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. விட்டது பழைய பசை. அதைப் பார்த்துவிட்டு டிங்கரிங் வேலை செய்யும் ஓர் அண்ணன் சொன்னார்: "பழைய பசை மேல புதுப் பசை நிக்காது தம்பி. பெயின்ட் தெரியணும்." இரண்டாம் முறை சுத்தம் செய்ய மட்டும் ஐந்து மணி நேரம் எடுத்தேன். ஒட்டுவதற்கு நாற்பது நிமிடம். அந்த ஃபோம் இன்றுவரை அசையவில்லை.

முதலில் உலர்ந்த வேலை. பெரிய துண்டுகளைக் கையால் எடுத்து நேராகக் குப்பைப் பையில் போடுங்கள். தொங்கும் தூளை வாக்கம் கிளீனரால் இழுத்துவிடுங்கள். கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது. ஊதினால் தூள் நீங்கள் அடைத்த எல்லா இடத்துக்கும் வழி கண்டுபிடித்துப் போகும். டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷும் வேண்டாம், பசையை இன்னும் அகலமாகப் பூசிவிட்டுப் பெயின்டையும் கீறும்.

இப்போது தகட்டில் மிஞ்சியிருப்பது மஞ்சளும் பழுப்புமாக ஒரு தோல். இதற்குச் சிட்ரஸ் வகைப் பசை நீக்கி அல்லது டர்பன்டைன் மாதிரியான மென்மையான கரைப்பான் நல்லது. தின்னர், அசிட்டோன் வேகமாகக் கரைக்கும், ஆனால் பெயின்டையும் சேர்த்துக் கரைக்கும். எதுவானாலும் மூலையில் ஒரு சின்ன இடத்தில் தடவி, பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கார் நிறம் வந்தால் அது ஆகாது.

பானட்டை மனதில் நான்காகப் பிரித்துக்கொண்டு ஒரு கால் பகுதியை மட்டும் எடுங்கள். கரைப்பானைத் துணியால் தாராளமாகத் தடவி, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடுங்கள். தாள் இல்லையென்றால் தோல் ஊறுமுன் கரைப்பான் ஆவியாகிவிடும். இருபது முப்பது நிமிடம் ஊறவிட்டு, தாளை உரித்து, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் தள்ளினால் பாலாடை சுருளுவது போலச் சுருண்டு வரும். வராத இடத்தில் மறுபடி ஊற வையுங்கள். கோபப்பட்டு இரும்பு ஸ்கிரேப்பரை எடுத்தால் பெயின்ட் போகும், அங்கே துரு பிடிக்கும், அந்தத் துரு மேல் எந்தப் பசையும் நிற்காது.

ஹீட் கன்னாலும் இளக்கலாம். ஆனால் கரைப்பான் பூசிய அன்று ஹீட் கன்னைப் பட்டறைக்குள்ளேயே கொண்டு வராதீர்கள், ஆவி தீப்பிடிக்கும். தனியாகப் பயன்படுத்தினாலும் குறைந்த சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாமல், இன்னொரு கையைப் பானட்டின் வெளிப்பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்தக் கையால் தாங்க முடியாத சூடு வெளிப் பெயின்டுக்கும் தாங்காது. கரைப்பானில் ஊறிய துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் வெள்ளைத் துணியை நனைத்து முழுவதும் துடையுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துணியை மாற்றி மாற்றி. அப்புறம் ஒரு சோதனை: தெளிப்பானால் சுத்தமான தண்ணீரைத் தெளியுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் அந்த இடத்தில் இன்னும் எண்ணெயோ பசையோ இருக்கிறது. என் பானட்டில் முன்விளிம்பு ஓரம் மூன்று முறை முத்து காட்டியது.

தண்ணீர் நன்றாகக் காய்ந்த பிறகு துருவைத் தேடுங்கள். ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்த இடத்தில் பெயின்ட் கொப்பளித்திருக்கும். 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180இல் முடித்து, எபாக்சி பிரைமர், மேலே பெயின்ட். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காய விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த பெயின்டைப் பசையின் கரைப்பான் சுருக்கிவிடும். நான் ஒரு வாரம் விட்டேன். விளிம்புகளில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள், புது ஃபோம் அவற்றை மூடக் கூடாது.

அளவெடுத்து வெட்டுதல்

பெரிய பழுப்புக் காகிதத்தைப் பானட்டின் உள்பக்கம் டேப்பால் ஒட்டி, விளிம்பை விரலால் அழுத்தி மடிப்புத் தெரியவைத்துப் பென்சிலால் வரையுங்கள். பூட்டு, கீல், வயர், கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாய் இவற்றுக்கு இடம் விடுங்கள். எடுக்குமுன் காகிதத்தில் "முன்பக்கம்" என்று ஓர் அம்பும், உங்களைப் பார்க்கும் பக்கத்தில் "எஞ்சின் பக்கம்" என்றும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் திருப்பிப் போட்டு வெட்டி, கண்ணாடியில் பார்த்தது மாதிரி இடவலம் மாறிய துண்டு கிடைக்கும்.

வரைந்த கோட்டுக்கு 5 மில்லிமீட்டர் உள்ளே வெட்டுங்கள். சட்டத்தின் மடிப்புக்குள் விளிம்பைச் செருகும் வசதி இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் 5 மில்லிமீட்டர் கூட்டி வெட்டலாம். கத்தரிக்கோல் ஃபோமை மெல்லும். நீளமாக நீட்டும் கட்டர் கத்தியில் புது பிளேடு போட்டு, இரும்பு ஸ்கேலால் ஃபோமை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்டினால் விளிம்பு நேராக வரும். வெட்டிய விளிம்புகளை அலுமினிய டேப்பால் மூடிவிடுங்கள், எண்ணெய் அந்த வழியாகத்தான் உள்ளே ஏறும். தயாராக வெட்டி விற்பதை வாங்கினால் மடித்து அனுப்பியிருப்பார்கள், ஓரிரு நாள் தரையில் விரித்துப் போட்டு மடிப்பு போகவிட்டு ஒட்டுங்கள்.

பசையில்லாமல் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஸ்குரூ போட்டு முடுக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். உள்சட்டத்துக்குப் பின்னால் உடனே வெளித்தகடு இருக்கிறது, ஸ்குரூ முனை வெளியே எட்டிப் பார்க்கும். தயாரிப்பாளரே கிளிப் துளை கொடுத்திருந்தால் கிளிப்பும் சேர்த்துப் போடுங்கள்.

ஒட்டுதல்

சூடு தாங்கும் கான்டாக்ட் பசை வேண்டும், அதாவது இரு பரப்பிலும் தடவிச் சற்றுக் காயவிட்டு ஒட்டும் வகை. டப்பாவில் அது தாங்கும் உச்ச வெப்பம் எழுதியிருக்கும். 90 டிகிரிக்குக் குறைவானதை நான் தொடமாட்டேன். காகிதம், துணி ஒட்டும் சாதாரண ஸ்பிரே வெயிலில் நின்ற பானட்டிலேயே இளகிவிடும்.

ஈரமான நாளில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பசையின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும், காற்றின் ஈரம் அதில் பனித்துப் படியும், பசை பிடிக்காது. கதவெல்லாம் திறந்து, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி முகமூடியோடு செய்யுங்கள். தூளுக்கான முகமூடி ஆவியைத் தடுக்காது. முன்கண்ணாடியையும் இரண்டு மட்கார்டுகளையும் மூடுங்கள்.

கான்டாக்ட் பசை ஒட்டியது ஒட்டியதுதான், நகர்த்த முடியாது. அதனால் பாதிப் பாதியாகச் செய்யுங்கள். ஃபோமைச் சரியான இடத்தில் வைத்து மேல் பாதியை மாஸ்கிங் டேப்பால் பிடித்துவிட்டு, கீழ்ப் பாதியை மேலே மடித்துவிடுங்கள். இப்போது தெரியும் தகட்டிலும் ஃபோமின் பின்பக்கத்திலும் பசை அடியுங்கள். ஃபோம் பசையைக் குடிக்கும், அதனால் அதற்கு ஒரு தடவை கிடைமட்டமாகவும் காய்ந்ததும் இன்னொரு தடவை செங்குத்தாகவும். டப்பாவில் சொன்ன நேரம் காத்திருங்கள். விரல் கணுவால் தொட்டால் பிசுக்கென்று இருக்க வேண்டும், ஆனால் நூல் இழுக்கக் கூடாது. நூல் இழுத்தால் இன்னும் பொறுங்கள். அவசரத்தில் ஒட்டினால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு பிறகு சூட்டில் கொப்பளமாகத் தள்ளும்.

பிறகு நடுக்கோட்டிலிருந்து விளிம்பை நோக்கி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். இழுத்து ஒட்டாதீர்கள், இழுத்த ஃபோம் பிறகு சுருங்கி விளிம்பை விடுவிக்கும். ஒருவர் தொங்கும் பகுதியைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் அழுத்தினால் சுலபம். கீழ்ப் பாதி முடிந்ததும் டேப்பை எடுத்து மேல் பாதிக்கும் அப்படியே. கடைசியில் சின்ன ரப்பர் ரோலரால் முழுவதும் ஒரு முறை, விளிம்புகளில் இரண்டு முறை. 24 மணி நேரம் பானட்டைத் திறந்தே வைத்திருங்கள், எஞ்சினைப் போடாதீர்கள்.

ஃபயர்வால்

எஞ்சின் பக்கம் ஃபயர்வாலில் இருக்கும் ஷீட்டையும் இதே முறையில் மாற்றலாம், ஆனால் வயர், குழாய், பிரேக் பூஸ்டர் என்று நிறையக் கழற்ற வேண்டிவரும். நான் அதைத் தொடவில்லை. அதைவிடப் பலன் தந்தது துளைகளை அடைத்தது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், அந்தச் சுவர் எவ்வளவு கனமானாலும் ஒலியை 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. இரவில் எஞ்சின் பக்கம் ஒரு பிரகாசமான விளக்கை வைத்துவிட்டு, காருக்குள் உட்கார்ந்து கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும் இடம். என் காரில் ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் துளையை அடைக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) காய்ந்து பாதி உடைந்திருந்தது, யாரோ எப்போதோ ரேடியோ வயருக்குப் போட்ட துளை ஒன்று திறந்தே கிடந்தது. இரண்டையும் அடைத்த அன்று காருக்குள் கேட்ட வித்தியாசம் பானட் வேலையின் பலனுக்குக் குறைவில்லை. ஃபயர்வாலில் ஷீட் ஒட்டுவதானால் சேசிஸ் எண் பொறித்த இடத்தையும் பெயர்த்தகட்டையும் மறைக்காதீர்கள்.

முதல் ஓட்டம்

விரிப்பு, அட்டை, ஏர் ஃபில்டரில் அடைத்த துணி எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று எண்ணிப் பாருங்கள். களிமண் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். பேட்டரியை இணைத்துப் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பானட்டைத் திறந்து ஃபோமின் முகத்தைப் பாருங்கள். எங்காவது உரசிய தடம் இருந்தால் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து மெல்லிய துண்டு வைக்கவும். பசை வாசனை சில நாள் இருக்கும், அது பரவாயில்லை. கருகும் வாசனை வந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து, எஞ்சின் சூடாக இருக்கும்போதே விளிம்புகளைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வாருங்கள். எங்காவது தூக்கியிருந்தால் அந்த இடுக்கில் பசையைப் பீய்ச்சாதீர்கள். ஆறிய பிறகு அந்த மூலையை நன்றாக உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, இரு பக்கமும் பசை தடவி, காத்திருந்து ஒட்டுங்கள்.

ஜாலிக்குள் ஏற்கெனவே போன தூளுக்கு, அடைத்த அட்டையை எடுத்ததும் வாக்கம் கிளீனரின் குறுகிய முனையை விட்டு இழுங்கள். பிறகு கார்க் கண்ணாடிகளையெல்லாம் இறக்கி, துவாரங்களின் மேல் ஈரத்துணி போட்டு, விசிறியை முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். அதற்குப் பிறகும் என் காரில் பத்து நாள் வரை ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளி வந்தது, அப்புறம் நின்றுவிட்டது.